மெத்தை பறந்த கதையும், காரில் பெரிய சாமான் ஏற்றும் முறையும்

கும்பகோணத்தில் மெத்தை வாங்கித் திருவாரூரில் இறக்க வேண்டும். அக்காவுக்குப் புதுவீடு. கடைக்கு எதிரிலேயே நின்ற குட்டியானைக்காரர் வாடகை 1,200 ரூபாய் கேட்டார். "பஞ்சு மூட்டைக்கு ஆயிரத்து இருநூறா?" என்று அத்தானுக்குக் கோபம். அவருடைய சின்னக் காரின் கூரையில் ஆறுக்கு ஐந்தடி மெத்தையைத் தூக்கிப் போட்டு, கடைப் பையன் பிளாஸ்டிக் கயிற்றை இரண்டு சுற்று சுற்றினான். "கட்டியாச்சு சார், அசையாது" என்று மேலே இரண்டு தட்டும் தட்டினான். போதாக்குறைக்கு நான் இடதுபக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டு மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நாச்சியார்கோயில் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாண்டி எதிரே ஒரு பஸ் வந்து கடந்தது. அந்தக் காற்றில் மெத்தையின் முன்விளிம்பு லேசாக எழுந்தது, அவ்வளவுதான். அடுத்த நொடி என் கையில் மெத்தை இல்லை. கயிறு அறுந்துபோகவில்லை. உருவிக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் மொபெட்டில் வந்தவர் வண்டியை வயலுக்குள் இறக்கித் தப்பித்தார். மெத்தை வாய்க்காலில். அவர் சேற்றோடு ஏறி வந்து கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "ஏங்க, மனுசன் பின்னால வர்றான்ற நெனப்பே இல்லையா ஒங்களுக்கு?"

அதன் பிறகு மூன்று முறை வீடு மாற்றிவிட்டேன். தங்கை கல்யாணத்துச் சீர்வரிசையையும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். டெல்டாவில் காரில் சாமான் ஏற்றுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். சாமான் உள்ளே போகுமா என்று பார்க்கிறார்கள். கார் சட்டென்று நிற்கும்போது சாமானும் கூடவே நிற்குமா என்று பார்ப்பதில்லை. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுத்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேர் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் முட்டுக்கட்டை பற்றியதுதான்.

படி 1: காரில் ஏற்றலாமா, கூடாதா என்று முடிவெடுங்கள்

கடைக்குக் கிளம்பும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. கடை வாசலில், வெயிலில், பில் போட்ட பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் அத்தான் எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

பீரோ, டபுள் டோர் ஃப்ரிட்ஜ், மூன்று பேர் சோபா, கட்டில் சட்டம், கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிள் ஆகியவற்றுக்குக் குட்டியானையோ லோடு ஆட்டோவோதான் சரி. குட்டியானையின் தளம் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடி அகலம் இருக்கும். ஆறரை அடி பீரோவைப் படுக்கவைத்தாலும் அதில் அடங்கும். பீரோவைக் கார் கூரையில் ஏற்றலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நல்ல இரும்பு பீரோ ஒன்றே 80 கிலோவைத் தாண்டும். கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். சின்னக் கார்களுக்கு அது பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள்தான், அதிலும் கேரியரின் எடை சேர்த்தி. கூரையின் இரண்டு ஓரத்திலும் பளபளவென்று நிற்கும் கம்பிகளை நம்ப வேண்டாம். பல கார்களில் அவை வெறும் அலங்காரம். பாரம் தாங்கும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் மட்டுமே அதில் கயிறு போடுங்கள்.

மொத்த எடையையும் கணக்கிடுங்கள். சின்னக் கார் ஆட்களையும் சாமானையும் சேர்த்து 400 கிலோவை ஒட்டித்தான் தாங்கும். அப்பா, அம்மா, நீங்கள், மனைவி என்று நான்கு பேர் ஏறினாலே அதில் பாதிக்கு மேல் போய்விடும். மாமனாரும் ஏறிக்கொண்டு, "கிரைண்டரையும் போட்டுக்கலாம், மடியில வச்சுக்கறேன்" என்று சொன்னால், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் தைரியம் யாருக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் செலவும் நம் தலையில்தான். 2019 திருத்தத்தில் வந்த தொகை இது. சொந்தக் கார் இன்சூரன்ஸிலும் ஒரு வரி உண்டு: நம் சொந்த லக்கேஜ், வியாபார சாம்பிள் தவிரச் சரக்கு ஏற்றவோ, வாடகைக்கு ஓட்டவோ அந்த பாலிசி செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் சாமானைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிப் போனால் க்ளைம் நேரத்தில் அந்த வரி முன்னால் வந்து நிற்கும்.

படி 2: டேப் எடுங்கள்

அளக்க வேண்டியது டிக்கியின் உட்புறத்தை அல்ல, வாயை. உள்ளே நாலடி இருந்தாலும் வாய் மூன்றடி என்றால் மூன்றடிச் சாமான்தான் போகும். பின்சீட்டை மடித்தால் தரை எங்கே மேடாகிறது, பின்சக்கரத்துக்கு மேலே உள்ள புடைப்பு எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்றும் பாருங்கள். கடைக்காரரிடம் பெட்டியோடு சேர்த்து அளவு கேளுங்கள். வாஷிங் மெஷின் அளவும் வாஷிங் மெஷின் பெட்டியின் அளவும் ஒன்றல்ல.

படி 3: மாசம், நேரம், பாதை

ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் யாரும் வீடு மாற்றுவதில்லை. ஆகவே தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். தையில்தான் சம்பா அறுவடையும். அறுவடை மெஷின், நெல் ஏற்றிய டிராக்டர், வைக்கோல் பாரம் எல்லாம் அதே ரோட்டில். குறுவை அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயும், ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். கூரையில் பாரத்தோடு அந்தக் கல்லைக் கண்டு ஸ்டியரிங்கை வெட்டி ஒடித்துப் பாருங்கள், இல்லை, பார்க்க வேண்டாம்.

பங்குனி, சித்திரையில் வயலில் உளுந்தும் பயறும் முடிந்து, செடியை ரோட்டில் பரப்பி வண்டி ஏற விடுவார்கள். சாமான் ஏற்றிய கார் தாழ்ந்து ஓடும். அந்தக் கொடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் கருகத் தொடங்கினால் தீப்பிடிக்கும். கருகல் வாசனை வந்தால் உடனே நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டுக் குனிந்து பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. தார் முடிந்த இடத்தில் டெல்டாவின் களிமண் ஓரம். எதிரே வரும் லாரிக்கு வழிவிட இடது சக்கரத்தை இறக்கினால், பாரத்தோடு அப்படியே புதைந்து ஒரு பக்கம் சாயும். மேலே பாரம் இருந்தால் சாய்வு இரண்டு மடங்காகத் தெரியும்.

பாதையில் எனக்கு ஒரு கட்சி உண்டு. கூரையில் சாமான் இருந்தால் புறவழிச்சாலையின் வேகம் ஆகாது. ஆனால் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை போகும் சாலையைப் போல ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் ரோடுகளும் ஆகாது. அங்கே வேகம் குறைவுதான், ஒவ்வொரு வளைவிலும் பாரம் வெளிப்பக்கம் இழுக்கும். தாழ்ந்த புளியங்கிளை, கோயில் வளைவு, தெருவைக் குறுக்கே கடக்கும் கேபிள் வயர் எல்லாம் அந்த ரோடுகளில்தான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் பெரிய சாலையிலேயே போய், இடது ஓரமாக 40-இல் ஊர்வது மேல். நீடாமங்கலம் வழி என்றால் ரயில்வே கேட்டுக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு கிளம்பும் கூட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சாமான்தான் முதலில் இடி வாங்கும்.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. இரவு வேண்டவே வேண்டாம். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் இந்தப் பக்கத்து இரவுகளில் சாதாரணம்.

படி 4: உள்ளே அடுக்குதல்

ஒரு கணக்கு சொல்கிறேன். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதினால், கட்டாத சாமான் அதே 50-இல் முன்னால் பாயும். அது சுமார் 32 அடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம். அதாவது மூன்று மாடி. பின்சீட்டுக்கு மேலே உள்ள தட்டில் வைத்த டேபிள் டாப் கிரைண்டர், மூன்றாவது மாடியிலிருந்து உங்கள் பிடரியில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 

ஆகவே கனமானது தரையில், பின்சீட்டின் முதுகை ஒட்டி. ஆட்டுக்கல், கிரைண்டர், பாத்திர மூட்டை, புத்தகப் பெட்டி எல்லாம் இடைவெளியின்றி ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். இடைவெளி வந்தால் பழைய போர்வை, தலையணை, சாக்கு. இதுதான் முட்டுக்கட்டை. லேசானது மேலே, ஆனால் சீட்டின் முதுகு உயரத்தைத் தாண்டாமல். யாரும் உட்காராத பின்சீட்டில் பெட்டி வைத்தால் சீட் பெல்ட்டை அதன் மேல் போட்டு இறுக்குங்கள். காலியாக இருந்தாலும் பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி வைத்தால் சீட்டின் முதுகுக்குக் கொஞ்சம் பலம்.

சாமானைப் பிடித்துக்கொள்ள ஆள் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். பீரோ கதவு, ஃபேன் இறக்கை, குத்துவிளக்கு, டி.வி. எதுவாக இருந்தாலும் பின்னால் தம்பி ஒருவன் அணைத்தபடி உட்கார்ந்திருப்பான். அவன் சாமானைப் பிடிக்கவில்லை. மோதும்போது சாமான்தான் அவனைப் பிடிக்கும். முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் பெட்டி வைத்துக்கொண்டால் ஏர்பேக் அந்தப் பெட்டியை முகத்தில் அறையும்.

டிக்கிக் கதவைத் திறந்தபடி கயிறு கட்டி ஓட்டுவதும் தவறு. நீட்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். கார் ஓடும்போது பின்னால் காற்று சுழன்று சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். நம்பர் பிளேட்டும் மறையும். டிக்கி மூடவில்லை என்றால் அந்தச் சாமான் அந்தக் காருக்கு இல்லை.

காஸ் சிலிண்டரைச் சாமானோடு சாமானாக அடைக்காதீர்கள். அதில் மட்டும் 14.2 கிலோ காஸ். படுக்கவைத்தால் திரவம் வால்வுக்கு வந்துவிடும், மூடிய கார் வெயிலில் கொதிக்கும். வேறு ஊருக்கு மாறுகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, புது ஊரில் எடுத்துக்கொள்வதுதான் முறை.

படி 5: ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

ஃப்ரிட்ஜ் நின்றபடிதான் பயணம் செய்ய வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் உள்ள ஆயில் குழாய்களுக்குள் ஏறும். ஆகவே காருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒத்துவராது. அதையும் மீறிச் சின்ன ஃப்ரிட்ஜைச் சாய்த்துக் கொண்டுபோனால், இறக்கியதும் நிமிர்த்தி வைத்து, எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அதற்குக் குறையாமல் நிற்கவிட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்கள். ஒருநாள் முழுக்கப் படுத்திருந்தால் ஒருநாள் பொறுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றுவதை மறக்க வேண்டாம்.

முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினின் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. புதிதாக வந்தபோது பின்புறம் நீளமான போல்ட்டுகளைக் கழற்றித் தந்திருப்பார்கள். அவை பயணத்துக்கானவை. வீடு மாற்றும்போது திரும்பப் போட வேண்டும். பாதி வீடுகளில் அவை பழைய இரும்புக்காரருக்குப் போயிருக்கும்.

டி.வி. நின்றபடி, திரை சீட்டின் மெத்தென்ற பக்கம் பார்த்தபடி. தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் அதற்கும் இதே முறைதான்: படுக்கவைத்து மேலே எதையும் அடுக்காதீர்கள். கண்ணாடி உடைவது மட்டுமல்ல, பலகை மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து எழுப்பிய வேலைப்பாடு அது. மூடிய காரில் மதிய வெயிலில் விட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு உச்சிப் பிரபை, தட்டு, தண்டு, அடிப்பாகம் என்று திருகிக் கழலும். கழற்றித் தனித்தனியே சுற்றுங்கள். மங்கலப் பொருளைக் கழற்றக் கூடாது என்று பெரியம்மா சொன்னால், அதைச் செய்ததே தனித்தனிப் பாகங்களாகத்தான் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எடுபட்டது.

படி 6: கூரையில் கட்டுதல்

கூரையில் கட்டுவதென்றால் காருக்குப் பொருந்தும் குறுக்குக் கம்பிகள் கொண்ட கேரியர் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாயைத் தவிர எதையும் மேலே போடாதீர்கள்.

மெத்தைக் கணக்கைப் பாருங்கள். ஆறுக்கு ஐந்தடி மெத்தை நிமிர்ந்து காற்றை முழுதாக வாங்கினால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் விழும் விசை சுமார் 20 கிலோ. 60-இல் 50 கிலோ. 80-இல் 90 கிலோவை ஒட்டி வரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. எதிரே 60-இல் வரும் பஸ்ஸின் காற்றும் சேரும்போது, ஜன்னல் வழியே பிடித்திருந்த என் நான்கு விரல்கள் என்ன செய்திருக்கும்?

கடைப் பையன் செய்த தவறு நடுவில் மட்டும் கட்டியது. மெத்தை நடுவில் பிடிபட்டால் முன்விளிம்பு பாம்புப் படம் மாதிரி எழும். முன்விளிம்பைத்தான் முதலில் அடக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் அதே அளவு பிளைவுட் பலகை கொடுத்து, மெத்தையையும் பலகையையும் சேர்த்துக் கட்டி, இரண்டையும் ஒரே துண்டாகக் கேரியர் கம்பிகளோடு இறுக்குங்கள். அப்புறம் முன்னால் பம்பருக்கு அருகே திருகிப் போடும் இழுவைக் கொக்கியிலிருந்து இரண்டு கயிறு, கண்ணாடியை மறைக்காமல், முன்விளிம்பின் இரண்டு மூலைக்கும். பின்னாலும் அப்படியே. குறுக்கே இரண்டு கட்டு. பலகையின் எடையையும் கூரைக் கணக்கில் சேருங்கள்.

கயிற்று விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், முடிச்சு தானாக நெகிழும். நைலான் பலமானது, ஆனால் இழுபடும். தேங்காய் நார்க் கயிறு வழுக்காது, ஆனால் கூர்மையான விளிம்பில் உரசினால் தேய்ந்துவிடும். ராட்செட் பெல்ட் என்று ஹார்டுவேர் கடையில் கேளுங்கள், கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தால் பல் பல்லாக இறுகும். காற்றில் பெல்ட் 'விர்ர்' என்று அதிர்ந்தால் நடுவில் ஒரு முறுக்கு விடுங்கள், சத்தம் நிற்கும். பெல்ட் இல்லாவிட்டால், வைக்கோல் பாரம் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். சும்மா சொல்லவில்லை, கயிற்றைக் கண்ணி போட்டு, அதன் வழியே திருப்பி இழுத்து, காலை உதைத்து அவர்கள் இறுக்குகிற இறுக்கு கடைப் பையனுக்கு வராது.

கயிற்றை ஜன்னல் வழியே சுற்றினால் கதவைத் திறக்க முடியாது. ஏதாவது ஆகி எல்லோரும் அவசரமாக இறங்க வேண்டுமென்றால்? கேரியர் கம்பியில்தான் கட்ட வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: காலித் தொட்டி லேசாக இருப்பதுதான் ஆபத்து. உருண்டை வேறு. ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கயிற்றில் ஏற்றி, பாலத்துக்குப் பாலம் நிறுத்தி நேராக்கிக்கொண்டு போவார்கள். அதற்கும் லோடு ஆட்டோதான்.

படி 7: கிளம்பும் முன்னும், போகும்போதும்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முழு பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று என்று அதில் இருக்கிறது. அந்த அளவுக்கு ஏற்றுங்கள். பின்னால் பாரம் கூடினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். ஸ்டியரிங் அருகில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னக் குமிழ் பல கார்களில் உண்டு, அதைத் திருப்பி வெளிச்சத்தை இறக்குங்கள். உள்கண்ணாடி மறைந்துவிட்டால் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் சரிசெய்யாமல் கிளம்ப வேண்டாம்.

முதல் நிறுத்தம் மூன்றாவது கிலோமீட்டரில். எப்படிக் கட்டினாலும் அதற்குள் சாமான் தன் இடத்தைத் தேடி அமர்ந்திருக்கும், கயிறு நெகிழ்ந்திருக்கும். இறங்கி இறுக்குங்கள். பிறகு இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஒரு டீயோடு. முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். வேகத்தடையில் முதல் கியர். ஆற்றுப் பாலங்களில் ஏறி இறங்கும் இணைப்பில் ஒரு குலுக்கல் வரும், பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். டெல்டாவில் பாலத்துக்குப் பஞ்சமில்லை: கும்பகோணத்தைத் தாண்டினாலே அரசலாறு, முடிகொண்டான் என்று வரிசையாக வரும்.

மேலே ஏதாவது சத்தம் மாறினால் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காமல், ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஏதாவது விழுந்துவிட்டால் முதலில் அபாய விளக்குகளைப் போட்டு, ஒருவர் நூறு அடி பின்னால் போய் நின்று வருகிற வண்டிகளை எச்சரிக்கட்டும். சாமானை எடுக்க ரோட்டில் ஓடுவது அப்புறம்.

படி 8: இறக்குதல்

சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். டிக்கியைச் சட்டென்று திறக்காதீர்கள், வழியில் நகர்ந்த பெட்டி காலில் விழும். கூரைச் சாமானுக்கு இரண்டு பக்கமும் ஆள் வந்து கை கொடுத்த பிறகுதான் கடைசிக் கயிறு அவிழ வேண்டும். இறக்கி முடிந்ததும் விளக்குக் குமிழைப் பழைய எண்ணுக்குத் திருப்பி, டயர் காற்றைக் குறையுங்கள்.

ஃப்ரிட்ஜை மட்டும் யாரும் சுவிட்ச் போட்டுவிடாமல் பிளக்கைச் சுருட்டி மேலே வையுங்கள். புதுவீட்டில் முதல் நாள் காய்ச்சிய பால் எப்படியும் அன்றே தீர்ந்துவிடும்.